நீரூற்று வைத்தால் சதுக்கம் அமைதியாகிவிடுமா?

ஸ்டாக்ஹோம் நகரில் மரியாடோரியெட் என்று ஒரு பழைய சதுக்கம் இருக்கிறது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் மரங்கள், வடக்கு ஓரத்தில் ஹோர்ன்ஸ்காடான் என்ற வாகனம் மிகுந்த சாலை. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அந்த ஊற்றை ஒழுங்கில்லாத நேரங்களில் திறந்தும் மூடியும் வைத்து, அங்கே வந்தவர்களில் 405 பேரிடம் இடம் எப்படி இருக்கிறது, ஓசை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஊற்று ஓடினால் மதிப்பெண் ஏறும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஏறவில்லை. தண்ணீர் ஓசைக்கும் மக்கள் தந்த மதிப்பீட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடைக்கவில்லை. மதிப்பீட்டை இறக்கியது வண்டிச் சத்தம். ஏற்றியது தண்ணீரைத் தவிர்த்த மற்ற இயற்கை ஓசைகள். தண்ணீருக்குப் பங்கு இருந்தால் அது மறைமுகமானது: வண்டிச் சத்தத்தை மூடினால் லாபம், பறவையையும் சேர்த்து மூடினால் நஷ்டம்.

“ரோட்டுச் சத்தம் அதிகமா? ஒரு ஃபவுன்டன் போடுங்கள்” என்று வரைபடத்தில் வட்டம் போடும் பழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு. அப்படிப் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே நிற்பவர்கள் எந்த ஓசையைக் கேட்கிறார்கள், அந்த ஓசை எந்த அலைவரிசையில், அதாவது தாழ்ந்த உறுமலாகவா உயர்ந்த கீச்சொலியாகவா, இருக்கிறது. முதலாவதை ஒலி அளக்கும் மீட்டர் சொல்லாது. இரண்டாவதைச் சொல்லும், ஆனால் பெரும்பாலும் யாரும் அதைக் கேட்பதில்லை.

மீட்டர் எங்கே ஏமாற்றும்

ஒலி அளவீட்டில் எல்லாரும் எழுதிக்கொள்ளும் எண் எல்ஏஈக்யூ, அதாவது குறிப்பிட்ட நேரத்தின் ஆற்றல் சராசரி. இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இந்தச் சராசரியில்தான் வரம்பு வைக்கின்றன: வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55, குடியிருப்புக்கு 55, 45, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் என்று அறிவித்த இடத்துக்கு 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை.

ஆற்றல் சராசரியின் குணம் தெரியாமல் இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் அளக்கிறீர்கள், சூழல் ஒரே சீராக 65 டெசிபலில் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் ஒரு பஸ் 90 டெசிபலில் இரண்டு நொடி ஏர்ஹாரன் அடிக்கிறது. மீதி 298 நொடியும் எதுவும் மாறவில்லை. சராசரி 65-லிருந்து ஏறத்தாழ 70-க்குப் போய்விடும். அந்த ஐந்து டெசிபல் முழுவதும் ஒரே ஓர் ஓட்டுநரின் கட்டைவிரல். அதனால் சராசரியோடு எல்90-ஐயும் எல்10-ஐயும் சேர்த்தே குறிக்க வேண்டும். எல்90 என்பது நேரத்தில் 90 சதவீதம் தாண்டப்படும் அளவு, அதாவது அடியில் ஓடும் பின்னணி. எல்10 என்பது 10 சதவீத நேரம் மட்டும் தாண்டப்படும் உச்சப்பகுதி. மேலே சொன்ன கணக்கில் ஹாரன் வந்தாலும் இரண்டும் 65-ஐ விட்டு நகராது, ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் இரண்டு நொடி ஒரு சதவீதம்கூட இல்லை. சராசரி மட்டும் தாவி, எல்10 தாவாமல் இருந்தால் காரணம் ஒன்றிரண்டு உச்ச ஓசைகள். எல்10-க்கும் எல்90-க்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஓசை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இடைவெளி சிறிதாகவும் எல்90 உயரமாகவும் இருந்தால் ஓயாத இரைச்சல். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்த ஏமாற்று ஏ-வெயிட்டிங். மனிதக் காது தாழ்ந்த அலைவரிசையை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காக மீட்டர் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலையும் 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபலையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். நிறுத்தத்தில் இன்ஜினை அணைக்காமல் உறுமும் டீசல் பஸ், ஜெனரேட்டர், கட்டடத்தின் ஏசி கூலிங் டவர் எல்லாம் இந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. எண் ஒழுங்காக இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஏதோ ஒன்று நெஞ்சில் தட்டிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த ஓசையை அவ்வளவாகக் கழிக்காத சி-வெயிட்டிங்கிலும் ஒரு முறை அளந்து, ஏ அளவைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 15 டெசிபலைத் தாண்டினால் அடித்தொனி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டிய நேரம்.

காதில் விழுவது என்ன

ஒலிச்சூழல் என்ற கருத்துக்கு ஐஎஸ்ஓ 12913 என்ற தரம் 2014-ல் வந்தது. அது சொல்வது இதுதான்: ஓர் இடத்தின் ஒலிகளை அங்கே இருக்கும் மனிதர், அந்தச் சந்தர்ப்பத்தில், எப்படி உணர்ந்து புரிந்துகொள்கிறாரோ அதுவே ஒலிச்சூழல். தரவு சேகரிக்கும் முறை 2018-லும் பகுப்பாய்வு முறை 2019-லும் அடுத்தடுத்த பகுதிகளாக வந்தன.

இதன் அடித்தளம் ஸ்வீடனில் நடந்து 2010-ல் வெளியான ஒரு சோதனை. நகர்ப்புறத் திறந்தவெளிகளில் பதிந்த 50 ஒலித்துண்டுகளை 100 பேருக்குப் போட்டுக் காட்டி, 116 அடைமொழிகளில் எது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார்கள். பதில்களைச் சுருக்கிப் பார்த்தபோது இரண்டு அச்சுகள் மிஞ்சின. இனிமையா எரிச்சலா என்பது முதல் அச்சு. பதில்களின் வேறுபாட்டில் 50 சதவீதம் அதிலேயே அடங்கியது. பரபரப்பா சலனமற்றதா என்பது இரண்டாவது, 18 சதவீதம். பழக்கமான ஓசையா என்பது மூன்றாவதாக 6 சதவீதத்தோடு ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு அச்சுகளையும் குறுக்கே வைத்தால் நான்கு மூலைகள் கிடைக்கும்: இனிமையும் பரபரப்பும் சேர்ந்தால் கலகலப்பு, இனிமையும் சலனமின்மையும் சேர்ந்தால் அமைதி, எரிச்சலும் பரபரப்பும் சேர்ந்தால் அமளி, எரிச்சலும் சலனமின்மையும் சேர்ந்தால் சலிப்பு.

சதுக்கங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் கோட்டைவிடுவது கலகலப்பு என்ற மூலையை. வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் கார் கிடையாது. பேச்சும் காலடியும் மணியோசையும்தான். அங்கே சத்தத்தைக் குறைத்தால் சதுக்கம் முன்னேறாது, செத்துப்போகும். 2020 பொதுமுடக்கத்தில் லண்டனின் 11 இடங்களில் அளந்தபோது சராசரியாக 5.4 டெசிபல் இறங்கியிருந்தது. கூட்டத்துக்குப் பேர்போன கேம்டன் டவுனில் இறக்கம் 10 டெசிபலைத் தாண்டியது. சாலை ஓரத்துக்கு அது வரம்தான். கூட்டமே உயிராக இருந்த இடத்துக்கு அதே இறக்கம் வேறு பொருள் தருகிறது.

2005-ல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வு ஒன்று ஐந்து நாடுகளில் 14 பொதுவெளிகளை எடுத்துக்கொண்டு 9,000-க்கும் மேற்பட்ட நேர்காணல்களைச் செய்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள பீஸ் கார்டன்ஸ், பார்க்கர்ஸ் பூல், ஜெர்மனியின் காஸல் நகர ரயிலடிச் சதுக்கம் எல்லாம் அதில் உண்டு. “சத்தம் எவ்வளவு?” என்ற கேள்விக்கு வரும் பதில் டெசிபலோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. “வசதியாக இருக்கிறதா?” என்ற கேள்விக்கு மக்கள் அதைவிடப் பெருந்தன்மையாகப் பதில் சொல்கிறார்கள். பிடித்த ஓசை ஒன்று இருந்தால், அது உரக்கவே கேட்டாலும், வசதி மதிப்பெண் ஏறுகிறது. மரியாடோரியெட்டின் முடிவோடு இது முட்டுவதுபோல் தெரியும். முட்டவில்லை. எந்த ஓசை, எந்த இடத்தில், எதை மூடியபடி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேட்கும் முறை

ஒரு சதுக்கத்துக்கு ஐந்து முதல் எட்டுப் புள்ளிகள் போதும். சாலை ஓரம், நடு, ஊற்றின் பக்கம், பெஞ்சு இருக்கும் நிழல், தின்பண்ட வண்டி, கட்டடத்தின் உள்மூலை. தரையில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். அடுத்த முறை வரும்போது இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஊற்றுக்குப் பக்கத்தில் எண் முழுவதும் மாறிவிடும். வேலைநாள் மதியம், வேலைநாள் மாலை, விடுமுறை மாலை, கடை சாத்திய பிறகு என்று குறைந்தது நான்கு வேளை வேண்டும். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அளந்துவிட்டு அறிக்கை எழுதுவது பரவலான தப்பு. அந்த நேரத்தில் சதுக்கத்தைப் பயன்படுத்துபவர் எவரும் அங்கே இருக்க மாட்டார்.

மீட்டர் துல்லியத்தில் முதல் வகுப்பாக இருந்தால் நல்லது, இரண்டாம் வகுப்பும் ஒத்துக்கொள்ளலாம். தொடங்கும்முன்னும் முடித்தபின்னும் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் ஓசையைச் சீராகத் தரும் காலிபிரேட்டரை மாட்டிச் சரிபாருங்கள். இரண்டுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடைப்பட்ட அளவுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மைக் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், சுவரிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி சேர்ந்து எண் ஏறும். பஞ்சு உறை எப்போதும் மாட்டியிருக்கட்டும். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு மூட்டை கட்டுங்கள். போனில் அளப்பதென்றால் அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷ் வெளியிட்ட ஐபோன் செயலி ஓரளவு நம்பத்தக்கது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மைக் வேறு. ஒரே போனை வைத்து ‘இங்கே அதைவிட அதிகமா’ என்று ஒப்பிடலாம். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு விதி மீறல் என்று மனுப் போட முடியாது.

ஒவ்வொரு புள்ளியிலும், கேட்டு மதிப்பெண் போடும் குழு மூன்று நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அதே மூன்று நிமிடம் மீட்டர் ஓடட்டும். பிறகு கேள்வித்தாள் நிரப்புவது. நிரப்பி முடிக்கும்வரை பேச்சு இல்லை. ஒருவர் “அப்பா, என்ன சத்தம்!” என்று வாய்விட்டாரோ, மற்றவர் தாளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இருபது பேருக்குக் குறையாமல் சேர்த்தால்தான் முடிவு நிலைக்கும்.

தாளில் நான்கே பகுதி. முதலில், வண்டிச் சத்தம், கட்டுமானம் சைரன் போன்ற பிற சத்தம், மனித ஓசை, இயற்கை ஓசை ஆகிய நான்கும் தனித்தனியாக எவ்வளவு கேட்கிறது என்று ஐந்து படிகளில். இரண்டாவதாக, எட்டு அடைமொழிகளுக்கும் ஐந்து படிகளில் ஒப்புதல்: இனிமை, எரிச்சல், அமைதி, அமளி, கலகலப்பு, சலிப்பு, பரபரப்பு, சலனமின்மை. மூன்றாவது, மொத்தத்தில் எப்படி. நான்காவது, இந்த ஓசை இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா. கடைசிக் கேள்வியை நேரம் மிச்சம் என்று வெட்டுபவர்கள் உண்டு, வெட்டக் கூடாது. சந்தையில் கூவல் பொருந்தும், நூலக வாசலில் பொருந்தாது, டெசிபல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

தலைப்பில் “இரைச்சல் ஆய்வு” என்று அச்சடித்து நீட்டினால் வாங்குபவர் இரைச்சலைத் தேட ஆரம்பித்துவிடுவார். “இந்த இடத்தைப் பற்றி” என்று போதும்.

கணக்கு சுலபம். முதல் அச்சுக்கு, இனிமையிலிருந்து எரிச்சலைக் கழியுங்கள். அமைதியிலிருந்து அமளியையும், கலகலப்பிலிருந்து சலிப்பையும் கழித்து, இரண்டையும் 0.707-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். இரண்டாம் அச்சுக்கு, பரபரப்பிலிருந்து சலனமின்மை. அமளியிலிருந்து அமைதி, கலகலப்பிலிருந்து சலிப்பு இரண்டுக்கும் அதே 0.707. இரண்டு விடைகளையும் 9.66-ஆல் வகுத்தால் மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண். உதாரணத்துக்கு ஒருவர் இனிமை 4, எரிச்சல் 2, அமைதி 2, அமளி 3, கலகலப்பு 4, சலிப்பு 1, பரபரப்பு 4, சலனமின்மை 2 என்று போட்டால் முதல் அச்சில் 0.35, இரண்டாவதில் 0.50. கலகலப்பு மூலைக்குள் நன்றாகவே விழுகிறார்.

இங்கேதான் பெரிய ஆபத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் வையுங்கள், சராசரியை மட்டும் வைக்காதீர்கள். பத்துப் பேர் கலகலப்பு என்றும் பத்துப் பேர் அமளி என்றும் சொன்னால் இனிமை அச்சில் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ‘பரவாயில்லாத சதுக்கம்’ என்று அறிக்கை போகும். அப்படி நினைத்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை. இரண்டு கும்பலாகப் புள்ளிகள் பிரிந்தால், யார் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் வந்த வேலையில் இருக்கும்: சந்திக்க வந்தவர் ஒரு பக்கம், படிக்கவோ ஓய்வெடுக்கவோ வந்தவர் இன்னொரு பக்கம்.

இன்னொரு ஓட்டை: சதுக்கத்தில் இருப்பவரைத்தானே கேட்கிறோம்? சத்தம் தாங்காமல் எழுந்து போனவர் கணக்கில் வரவே மாட்டார். எந்த பெஞ்சு காலியாகவே கிடக்கிறது என்று குறித்துக்கொள்வதும் தரவுதான்.

தண்ணீர் விஷயம்

ஓர் ஓசை இன்னோர் ஓசையைக் கேட்கவிடாமல் மூடுவதை மாஸ்கிங் என்கிறார்கள். ஒரே அலைவரிசைப் பகுதியில் இருக்கும் ஓசைகள்தான் ஒன்றையொன்று நன்றாக மூடும். அதற்கு மேல், தாழ்ந்த ஓசை உயர்ந்த ஓசையை எளிதாக மூடும், உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மூடாது. வண்டி இன்ஜினின் உறுமல் அடியில். சிறு ஊற்றின் சலசலப்பு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே. பறவைகள் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. இந்த மூன்றையும் ஒரே தாளில் வரைந்தால், மெல்லிய தாரைகள் கொண்ட ஊற்று எதை மூடப்போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்: பஸ்ஸை விட்டுவிட்டுக் குருவியை மூடும்.

அடித்தொனி வேண்டுமென்றால் நீரோட்டம் அதிகமாக வேண்டும், தண்ணீர் தண்ணீரின் மேல் விழ வேண்டும். கல்லிலோ கான்கிரீட்டிலோ விழுந்தால் உயர்ந்த தொனிதான் மேலோங்கும். நீரோட்டத்தைக் கூட்டினால் பம்பு பெரிதாகும், மின்செலவு ஏறும், கூடவே பம்பின் ரீங்காரமும். பம்பை ரப்பர் தாங்கியில் வைத்து மூடிய குழிக்குள் இறக்காவிட்டால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதாகும். டயர் சத்தம் மட்டும் கொஞ்சம் தோதானது. வேகச் சாலையில் அதன் உச்சம் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் வருவதால் தண்ணீருக்கு எட்டும்.

எவ்வளவு உரக்க? கொரியாவில் நடந்த சோதனைகளின் முடிவு 2010-ல் வந்தது: தண்ணீர் ஓசை சூழலின் சத்தத்துக்குச் சமமாகவோ, அதிகபட்சம் 3 டெசிபல் குறைவாகவோ இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் பலனில்லை. இதை வைத்துக் கணக்குப் போடலாம். சாலையிலிருந்து 20 மீட்டரில் வண்டிச் சத்தம் 65 டெசிபல் என்றால் தண்ணீர் குறைந்தது 62 தர வேண்டும். ஊற்று இரண்டு மீட்டர் தூரத்தில் 68 டெசிபல் தருகிறது என்று வைப்போம். தூரம் இரட்டிக்கும்போது புள்ளி போன்ற மூலத்தின் சத்தம் 6 டெசிபல் இறங்கும்: நான்கு மீட்டரில் 62, எட்டு மீட்டரில் 56. சாலை ஒரு கோடு, அது இரட்டிப்புக்கு 3 டெசிபல்தான் இறங்கும். ஆக ஊற்றின் ஆட்சி நான்கு மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அகலமான ஊற்றாக இருந்தால் கிட்டத்தில் கொஞ்சம் மெதுவாக இறங்கும், இன்னும் இரண்டொரு மீட்டர் கிடைக்கும். பெஞ்சுகளைப் பதினைந்து மீட்டர் தள்ளிச் சுற்றுவட்டமாகப் போட்ட வடிவமைப்பில் ஊற்று கண்ணுக்கு மட்டும்தான்.

62 டெசிபல் சாலையோடு 62 டெசிபல் தண்ணீர் சேர்ந்தால் மீட்டரில் 65. உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகவே இருக்கலாம், விதிப்படி இடம் மோசமாகியிருக்கிறது. நகராட்சிப் பொறியாளரிடம் இதை முன்கூட்டியே எழுத்தில் விளக்கிவிடுங்கள்.

சுவர், செடி, பொத்தான்

மறைப்புச் சுவர் பற்றிச் சுருக்கமாக: சாலைக்கும் காதுக்கும் நடுவே பார்வைக்கோட்டை வெட்டினாலே சுமார் 5 டெசிபல் கிடைக்கும். வெட்டாத சுவர் வெறும் அலங்காரம். ஷெஃபீல்டு ரயிலடியின் ஷீஃப் சதுக்கத்தில் தண்ணீர் வழியும் நீண்ட எஃகுச் சுவர் சிற்பம் ஒன்று பக்கத்துச் சாலைக்கும் சதுக்கத்துக்கும் நடுவே நிற்கிறது. தடுப்பும் தண்ணீரும் ஒரே பொருளில், அதுவும் தண்ணீர் சதுக்கத்தின் பக்கம். முதலில் சுவர் வண்டியைக் குறைத்துவிடுவதால் தண்ணீர் சிரமப்பட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த தீர்வுகளில் இதுவே புத்திசாலித்தனமானது.

ஒரு வரிசைச் செடிவேலி டெசிபலில் ஏறக்குறைய எதையும் குறைக்காது. பறவை வரவழைப்பதற்காக நடுங்கள், தடுப்பாகக் கணக்குக் காட்டாதீர்கள்.

பெர்லினின் வெட்டிங் பகுதியில் உள்ள நவ்வெனர் பிளாட்ஸ், இரண்டு பெரிய சாலைகளுக்கு இடையே சிக்கிய சதுக்கம். அங்கே குடியிருப்பவர்களோடு நடந்து, கேட்டு, பேசி, பிறகு திருத்தினார்கள்; 2012-ல் ஐரோப்பிய ஒலிச்சூழல் விருது கிடைத்தது. சாலைப் பக்கம் கம்பிக்கூட்டில் கல் நிரப்பிய தாழ்வான சுவர். உள்ளே சில இருக்கைகளில் ஒலிபெருக்கி. பொத்தானை அழுத்தினால் பறவை ஓசையோ கடலோர ஓசையோ சிறிது நேரம் கேட்கும். எந்த ஓசை என்பதிலும் அங்கே வசிப்பவர்களின் பேச்சு எடுபட்டது.

பொத்தான் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். நாள் முழுக்க ஓடும் பதிவுக் குயிலை நினைத்துப் பாருங்கள்: பத்து நிமிடம் உட்கார்ந்து போகிறவருக்கு இனிமை, எதிரே எட்டு மணி நேரம் பூக்கடையில் இருப்பவருக்கு நரகம். அழுத்தினால் மட்டும் ஓடுகிறபோது கேட்பவர் விரும்பிக் கேட்கிறார், ஓசையும் அந்த இருக்கையைத் தாண்டாது. ஆகவே தாள் கொடுக்கும்போது வழிப்போக்கரோடு நிறுத்தாமல் கடைக்காரர், காவலாளி, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், மாடிவீட்டுக்காரர் ஆகியோரிடமும் கேட்டு, அவர்களின் புள்ளிகளை வேறு நிறத்தில் வையுங்கள். மாடிவீட்டாரிடம் இரவு பத்து மணிக்குமேல் என்ன கேட்கிறது என்று தனியாக ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஊற்று ஓட வேண்டுமா என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல முடியும்.